மண்ணறிந்து சக்கரம் மாட்டு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம். சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையின் ஒரு துண்டு அது. அந்தச் சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்குச் சக்கரம் என்று ஒன்று வண்டிக்கு அடியில் சுழல்கிறது என்ற ஞாபகமே வராது. அவ்வளவு வழவழப்பான பாதை. ஆனால் இந்த ஜில்லாவின் நெல்லும் மணிலாவும் கரும்பும் தர்ப்பூசணியும் பெருஞ்சாலையில் விளைவதில்லை. சாலையை விட்டு இறங்கி, ஏரிக்கரை மீது ஏறி, செம்மண் தடத்தில் குலுங்கி, ஓடையைத் தாண்டிப் போனால்தான் அவை விளையும் இடம் வரும். அந்த இடத்தில்தான் சக்கரத்தின் அருமை தெரியும்.

முன்காலத்தில் அந்தத் தடங்களெல்லாம் கட்டை வண்டியின் ராஜ்யமாக இருந்தன. இப்போது அங்கே சிறு பார மோட்டார்கள் ஓடுகின்றன. 2005-ஆம் ஆண்டில் டாடா கம்பெனியார் ‘ஏஸ்’ என்னும் சிறு வண்டியைக் கொண்டு வந்தபோது, நம் ஜனங்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று நாமகரணம் செய்தார்கள். அதற்கு மேலே கொஞ்சம் பெரியவையான ‘பிக்கப்’ வண்டிகளும் இன்று ஊருக்குப் பத்து இருக்கின்றன. யானை குட்டியானாலும் சேற்றில் கால் வைத்தால் கஷ்டந்தான். ஆகவே அதன் காலைப் பற்றி, அதாவது சக்கரத்தையும் டயரையும் பற்றி, இந்தக் கட்டுரையில் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கிறவனுக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். என் மைத்துனர்தான் காரணம்.

மைத்துனரின் ஆசை

என் மனைவியின் தம்பி திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பயிர்த்தொழில் செய்கிறார். 2023-ஆம் வருஷம் அவர் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார். சொந்த விளைச்சலை ஏற்றுவதோடு அக்கம்பக்கத்தாரின் மூட்டைகளையும் வாடகைக்கு எடுத்துச் செல்வது அவருடைய உத்தேசம். அடுத்த ஆண்டு புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முகமெல்லாம் மலர்ச்சியாக வீட்டுக்குள் நுழைந்தார். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

“மாமா, இந்தச் சக்கரத்தைப் பாருங்கள். இதை மாட்டிவிட்டால் நம் வண்டி செஞ்சி மலையே ஏறும்!”

பார்த்தேன். வண்டி ஒன்று நின்றது. இல்லை, நான்கு பெரிய டயர்கள் நின்றன, அவற்றின் மேல் ஒரு வண்டி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு டயரும் ஆட்டுக்கல் போல் அகலம். டயரின் மேல் கட்டை கட்டையாக ரப்பர்ப் பற்கள். நடுவே வெள்ளி போல் மின்னும் அலாய் சக்கரம்.

“என்ன விலை, மச்சான்?” என்றேன்.

அவர் தொகையைச் சொன்னார். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “பெண்ணுக்கு இரண்டாம் வருஷக் கட்டணம் கட்ட வைத்திருந்த பணமா, தம்பி?” என்று கேட்டாள். மைத்துனர் தரையைப் பார்த்தார். பதில் தெரிந்துவிட்டது.

“மழைக்காலத்தில் வண்டி ஓடினால் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு சம்பாதிக்கலாம், அக்கா. போன வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சேற்றுக்குப் பயந்து எத்தனை நாள் வண்டியை நிறுத்தி வைத்தேன் தெரியுமா?” என்றார் அவர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஓடாத வண்டி சோறு போடாது. ஆகவே அவரைக் கடிந்துகொள்வதை விட்டுவிட்டு, “ஒரு வாரம் பொறு. எந்த மண்ணுக்கு எந்தச் சக்கரம் என்று கணக்குப் பார்ப்போம்” என்றேன்.

கட்டை வண்டி கற்றுத் தந்த பாடம்

சக்கரத்தைப் பற்றி நம் முன்னோர்கள் அறியாதவர்கள் அல்லர். தச்சர் குடத்தைக் கடைந்து, ஆரக்கால்களைச் செருகி, வட்டையைப் பொருத்தி, அதன் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவை ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார். இரும்பு குளிர்ந்து சுருங்கும்போது சக்கரம் முழுவதும் இறுகிவிடும். அந்தச் சக்கரம் உயரமானது, ஆனால் குறுகலானது. உயரம் இருந்ததால் பள்ளத்தை எளிதில் கடந்தது. குறுகலாக இருந்ததால் மேற்சேற்றைக் கத்தி போல் வெட்டிக்கொண்டு, அடியிலிருந்த கெட்டித் தரையைப் போய்த் தொட்டது. மணலில் மட்டும் அது புதைந்து மாடுகளை வாட்டியது.

காற்றடைத்த சக்கரம் பிறகு வந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சுட்டால் அது உறுதிப்படும் என்பதை 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். 1845-இல் ஸ்காத்லாந்துக்காரரான ராபர்ட் தாம்ஸன் காற்றடைத்த டயருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அப்போது அதை வாங்குவார் இல்லை. 1888-இல் ஜான் டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக மீண்டும் அதைச் செய்தபோதுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. ரப்பர் மரம் பிரேஸில் தேசத்தது. 1876-இல் அங்கிருந்து எடுத்துச் சென்ற விதைகள் இங்கிலாந்தில் முளைத்து, இலங்கைக்கும் மலேயாவுக்கும் வந்தன. மலேயாவின் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரத்தைக் கீறிப் பாலெடுத்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். உலகமெங்கும் மோட்டார்கள் ஓடியபோது அந்த ரப்பரில் நம்மவரின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

1946-ஆம் வருஷத்தில் ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. அந்த ஆண்டில்தான் பிரான்ஸ் தேசத்து மிஷலின் கம்பெனியார் இன்றைய ‘ரேடியல்’ டயருக்கு உரிமைப் பத்திரம் எடுத்தார்கள். அதே ஆண்டில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் கே. எம். மாமன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகளுக்கான பலூன் செய்யும் ஒரு சிறு கூடத்தைத் தொடங்கினார். பலூன் கூடம் 1952-இல் பழைய டயர்களின் மேல் ஒட்டும் ரப்பரைச் செய்யலாயிற்று. 1961-இல் டயரே செய்யத் தொடங்கிற்று. அதுதான் ‘எம்.ஆர்.எப்.’ இன்று அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெரிய டயர்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நல்ல டயருக்காகக் கடல் தாண்டிப் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

முதலில் மண்ணைப் படிக்க வேண்டும்

டயர்க் கடைக்குப் போகுமுன் மைத்துனரையும் அவருடைய மகளையும் அழைத்துக்கொண்டு, வண்டி வழக்கமாகப் போகும் வழிகளை ஒரு நாள் சுற்றி வந்தேன். அந்தப் பெண் முன்பு என்னிடம் படித்தவள், குறிப்பெடுப்பதில் கெட்டிக்காரி. நாங்கள் ஐந்து விதமான தரையைக் கண்டோம்.

முதலாவது செம்மண் சரளைத் தடம். மயிலம், திண்டிவனம் பக்கத்தில் இது அதிகம். காய்ந்திருக்கும்போது பாதிச் சாலைக்குச் சமானம். மழை பெய்தால் மேலே வழுக்கும். அடியில் கெட்டியாக இருக்கும்.

இரண்டாவது ஏரிப் பாசன நிலங்களின் களிமண். இது பொல்லாதது. ஈரமானவுடன் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். பள்ளம் அடைபட்ட டயர் மொட்டைத் தலை போன்றது, எதையும் பிடிக்காது.

மூன்றாவது மணல். மரக்காணத்தை நோக்கிப் போகும் கடற்கரைப் பூமியிலும், சங்கராபரணி, தென்பெண்ணை ஆற்றோரங்களிலும் காண்பது. இங்கே எதையும் வெட்டிப் பயனில்லை. மிதந்து போக வேண்டும்.

நான்காவது கூர்ங்கல். கல்மரப் பூங்காவால் பெயர்பெற்ற திருவக்கரைப் பக்கத்துக் கற்குவாரித் தடங்களிலும், செஞ்சிக் குன்றுகளின் அடிவாரத்திலும் உள்ளது. இது டயரின் அடியைவிட அதன் விலாவைத்தான் கிழிக்கும்.

ஐந்தாவது உப்பளம். மரக்காணத்து உப்பளங்களின் சேறு டயரை ஒன்றும் செய்யாவிட்டாலும், இரும்புச் சக்கரத்தை அரித்துத் தின்றுவிடும்.

குறிப்புப் புத்தகத்தில் இவற்றை எழுதிய பெண், ஒவ்வொன்றுக்கும் எதிரே வருஷத்தில் வண்டி அங்கே போகும் நாட்களையும் எழுதினாள். கூட்டிப் பார்த்தோம். வண்டி ஓடும் தூரத்தில் பத்தில் ஏழு பங்கு தார்ச் சாலை. இரண்டு பங்கு செம்மண் தடம். மீதி ஒரு பங்குதான் சேறும் மணலும் கல்லும்.

“அப்பா, பத்தில் ஒரு பங்குக்காகப் பத்துப் பங்கும் சேற்று டயரில் ஓட்டப் போகிறீர்களா?” என்றாள் அவள். மைத்துனர் பதில் சொல்லவில்லை. ஆனால் கைத்தொலைபேசியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பற்களின் குணம்

டயரின் மேற்பரப்பில் உள்ள வெட்டுகளை வைத்து அதை மூன்று ஜாதியாகப் பிரிக்கலாம்.

நீள நீளமாகக் கோடு ஓடுவது ‘ரிப்’ டயர். தார்ச் சாலைக்கு ஏற்றது. சத்தமில்லாமல் உருளும், திருப்பினால் சொன்ன பேச்சைக் கேட்கும், எண்ணெய்ச் செலவும் குறைவு. சேற்றில் இறங்கினால் கைவிட்டுவிடும்.

கட்டை கட்டையாகப் பற்களும், அவற்றுக்கிடையே அகன்ற பள்ளங்களும் உள்ளது சேற்று டயர். நம் கடைகளில் ‘பட்டன்’ டயர் என்றால் புரியும். சக்கரம் சுழலும் வேகத்தில் பள்ளத்தில் அப்பிய களிமண்ணை இது தானே உதறிவிடும். அதுதான் இதன் உயர்ந்த குணம். ஆனால் தார்ச் சாலையில் தரையைத் தொடும் ரப்பர் இதில் குறைவு. ஆகவே நனைந்த தார் மேல் பிரேக் போட்டால் நிற்கத் தாமதமாகும். வண்டு போல் ரீங்காரமிடும். விரைவில் தேயும், எண்ணெயையும் கூடுதலாகக் குடிக்கும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது பலதரைக்குமான கலப்பு டயர். நடுவில் நெருக்கமான வெட்டும், ஓரத்தில் பற்களும் உள்ளது. எதிலும் முதல் மார்க்கு வாங்காது. எதிலும் தவறிவிடவும் செய்யாது. வகுப்பறையில் இத்தகைய பிள்ளைகளை நான் நிரம்பப் பார்த்திருக்கிறேன். பிழைப்புக்கு அவர்களே பெரும்பாலும் நம்பகமானவர்கள்.

லாரிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. திசை திருப்பும் முன் சக்கரங்களுக்கு ரிப். தள்ளும் பின் சக்கரங்களுக்குப் பல் டயர். பின் சக்கரத்தால் ஓடும் பார வண்டிக்கு இது அநுபவத்தில் கண்ட நல்ல ஏற்பாடு. ஆனால் ஓர் அச்சின் இரு பக்கங்களிலும் ஒரே அளவு, ஒரே ஜாதி, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ரேடியலையும் பழைய நைலான் டயரையும் ஒரே வண்டியில் கலந்து மாட்டுவது அபாயம்.

எண்களில் அடங்கிய ஜாதகம்

ஒவ்வொரு டயரின் விலாவிலும் அதன் ஜாதகம் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரியாமல் வாங்குவது, பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

உதாரணமாக, ‘215/75 ஆர் 15’ என்றிருந்தால், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். விலாவின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவிகிதம், அதாவது சுமார் 161 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்பது ரேடியல். சக்கரத்தின் குறுக்களவு 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு விலாவையும் கூட்டினால் டயரின் முழுக் குறுக்களவு ஏறக்குறைய 703 மில்லிமீட்டர்.

இப்போது மைத்துனர் விரும்பியது போல் ஒரு படி பெரிதாக, ‘235/75 ஆர் 15’ மாட்டினால் என்ன ஆகும்? குறுக்களவு ஏறக்குறைய 733 மில்லிமீட்டர் ஆகிறது. வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்வது இதில் பாதி, 15 மில்லிமீட்டர். ஒரு விரற்கடைக்கும் குறைவு! ஆனால் சக்கரம் ஒரு சுற்றில் போகும் தூரம் 4 சதவிகிதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி 62½ கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதே அளவுக்கு இழுக்கும் பலம் தரையில் குறையும். பிரேக்குக்கு வேலை கூடும். முழுவதும் திருப்பினால் டயர் உட்சுவரில் உரசவும் கூடும்.

அடுத்து ‘104/102’ போல ஓர் எண் இருக்கும். இது பாரக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ. 108 என்றால் 1000 கிலோ. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் ஒரே பக்கத்தில் இரட்டைச் சக்கரம் மாட்டும் வண்டிகளுக்கு. பாரத்தைக் கணக்கிடும்போது மொத்த எடையை நான்கால் வகுத்துவிடக் கூடாது. பிக்கப் வண்டியில் சுமை பெரும்பாலும் பின் அச்சில்தான் இறங்குகிறது. பின் அச்சின் மேல் 1800 கிலோ இருந்தால், ஒவ்வொரு பின் டயரும் 900 கிலோ சுமக்கிறது. அதற்குக் குறைந்த குறியீடுள்ள டயர், எவ்வளவு அழகான பற்கள் கொண்டதாயினும், வேண்டாம். சொகுசு மோட்டாருக்குச் செய்த டயரைப் பார வண்டிக்கு மாட்டும் பிழை இங்கேதான் நேர்கிறது.

கடைசியாக ஒரு நான்கு இலக்க எண். ‘2319’ என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ரப்பரும் நம்மைப் போலவே வயதானால் வறளும், வெடிக்கும். நாங்கள் முதலில் நுழைந்த கடையில், பளபளவென்று மெருகேற்றி வைத்திருந்த ‘புத்தம் புதிய’ டயர் ஒன்றைக் குனிந்து பார்த்த பெண், “மாமா, இதற்கு ஆறு வயது!” என்றாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வேறொன்றை எடுத்தார். நாங்களும் சிரித்துக்கொண்டே வேறு கடைக்குப் போனோம்.

சக்கரம் மின்ன வேண்டுமா?

டயரைத் தாங்கும் சக்கரத்தை நம் ஊர்ப் பட்டறைகளில் ‘டிஸ்க்’ என்பார்கள். இரும்பாலானது, அலாய் என்னும் அலுமினியக் கலவையாலானது என இரண்டு வகை. அலாய் பெரும்பாலும் எடை குறைவு, பார்வைக்கு அழகு. ஆனால் கல்லில் மோதினால் விரிசல் காணக் கூடும். இரும்பு கனமானது, அழகில்லாதது. ஆனால் மோதினால் வளையும். சிறு வளைவைப் பட்டறையில் நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். பாரத்துடன் கற்குவாரித் தடத்தில் போகிறவருக்கு இரும்பே உற்ற நண்பன். உப்பளத்துக்குப் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

சக்கரத்தை வெளியே தள்ளி நிற்கும்படி மாட்டுவது இப்போது ஒரு நாகரிகம். இதனால் அச்சின் பேரிங்குகளுக்குப் பாரம் கூடுகிறது. ஸ்டியரிங் கையை இழுக்கிறது. சேறெல்லாம் வண்டியின் விலாவில் அப்புகிறது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவில், உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

புதுச் சக்கரம் மாட்டினால், நட்டுகளை வரிசையாக முறுக்காமல், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும்.

காற்றே பெரிய ரகசியம்

இத்தனை நேரம் ரப்பரைப் பற்றிப் பேசினோம். உண்மையில் பாரத்தைச் சுமப்பது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. ஒரு சிறு கணக்கு. ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ பாரம். காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ. அப்படியானால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 2 கிலோவாகக் குறைத்தால் பரப்பு சுமார் 300 சதுர சென்டிமீட்டராகிறது. ஒரு காசு செலவில்லாமல் டயர் ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டது! மணலில் ஒட்டகத்தின் பாதம் செய்யும் வேலையை இது செய்கிறது.

ஆனால் இந்த மந்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. மணலைத் தாண்டியவுடன் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும். அதை மறந்தால் என்ன ஆகும் என்பதை மைத்துனர் அந்த வருஷம் கோடையில்தான் கற்றிருந்தார். மரக்காணம் பக்கத்து மணற்கொல்லையில் தர்ப்பூசணி ஏற்றப் போனவர், வண்டி புதைந்ததும், யாரோ சொன்னபடி பின் டயர்களில் காற்றைக் குறைத்தார். வண்டி வெளியே வந்தது. சந்தோஷத்தில் பாரத்தை ஏற்றிக்கொண்டு நேரே விழுப்புரத்துக்கு விட்டார். காற்றுக் குறைந்த டயரின் விலா ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிர்கிறது. மடிந்து நிமிரும் ரப்பர் சூடேறுகிறது. மேலே பாரம், கீழே சித்திரை வெயிலில் கொதிக்கும் தார். விக்கிரவாண்டியை நெருங்கும்போது பீரங்கி வெடித்தாற்போல் ஒரு சப்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஓரத்து மண்ணில் நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை. தர்ப்பூசணிகள் மட்டும் பெருஞ்சாலையில் உருண்டு ஓடின.

அவர் அதுவரை அந்த டயரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். நான் கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகு, “தப்பு டயர் மேல் இல்லை, மாமா” என்று ஒப்புக்கொண்டார்.

ஆகையால் விதிகள் இவை: அழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். பாரம் ஏற்றும்போதும் ஏற்றாதபோதும் எவ்வளவு காற்று என்பதை உற்பத்தியாளர் வண்டியிலேயே எழுதி ஒட்டியிருப்பார், அதுவே வேதம். மணலில் குறைப்பதானால் முடிந்தவரை பாரத்தை இறக்கிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு அளவே குறைத்து, மெதுவாக ஓட்ட வேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தால் ட்யூப் இல்லாத டயர் சக்கரத்தின் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும். காற்றளவுக் கருவியும், வண்டியின் பாட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பும் கையில் இல்லாதவர் காற்றைத் தொடவே வேண்டாம்.

முடிவும் அதற்கு வந்த சோதனையும்

கடைசியில் வாங்கியது இதுதான்: உற்பத்தியாளர் குறித்த அதே அளவில், பார வண்டிக்கென்று செய்த, பலதரைக்குமான ரேடியல் டயர் இரண்டு. அவை பின் சக்கரங்களுக்கு. முன்னே இருந்த ரிப் டயர்களில் இன்னும் போதுமான பள்ளம் இருந்தது. அவை அப்படியே இருந்தன. பள்ளத்தின் அடியில் சிறு மேடாக ஓர் அடையாளம் இருக்கும். ரப்பர் தேய்ந்து அதற்குச் சமமானால், மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், அப்போது மாற்றியே ஆக வேண்டும். சேற்றில் போகிற வண்டிக்கு அதற்கு வெகு முன்பே மாற்றுவது நல்லது. இவற்றோடு காற்றளவுக் கருவி ஒன்று, காற்றுப் பம்பு ஒன்று, கனத்த கயிறு ஒன்று, மண்வெட்டி ஒன்று. எல்லாம் சேர்த்து மைத்துனர் முதலில் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. கட்டணப் பணத்தில் கை வைக்காமலே, மணிலா விற்ற வரவில் சமாளித்துவிட்டார்.

இரண்டு மாதத்துக்குள் பரீட்சை வந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. தென்பெண்ணை கரைபுரண்டு, விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் பெருஞ்சாலை மீதே ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதால் ரெயில்கள் நின்றன.

மழை விட்டபின் மைத்துனரின் வண்டிக்கு ஓய்வில்லை. ஊரிலிருந்து பால் கேன்களும், திண்டிவனத்திலிருந்து அரிசி மூட்டைகளும் மருந்தும் அதில்தான் போயின. செம்மண் தடத்தின் மேற்சேற்றை அந்த டயர்கள் வெட்டிக்கொண்டு போய் அடித்தரையைப் பிடித்தன. வெறும் வண்டியாகப் போகும்போது பின் சக்கரம் வழுக்கியது. மணல் மூட்டை நான்கை அச்சுக்கு நேர் மேலே போட்டதும் அதுவும் நின்றது.

மூன்றாம் நாள் மாலை எனக்கு ஒரு தொலைபேசி வந்தது.

“மாமா, ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடுகிறது. அக்கரையில் இரண்டு வீட்டுக்கு அரிசி கொடுக்க வேண்டும். டயர் நன்றாகப் பிடிக்கிறது. விட்டுவிடட்டுமா?”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. “மச்சான், தரை இருந்தால்தான் டயர் பிடிக்கும். ஓடும் தண்ணீர் ஓரடி உயரம் வந்தாலே சிறு வண்டி பிடிப்பை இழக்கத் தொடங்கும். இரண்டடி வந்தால் பார வண்டியையும் தூக்கிக்கொண்டு போகும். அடியில் தடம் அறுந்து கிடக்கிறதோ என்னவோ! சாவியைக் கழற்றிப் பையில் போடு” என்றேன்.

எதிர்ப்பக்கத்தில் சிறிது நேரம் மௌனம். பிறகு, “சரி, மாமா” என்றார். மறுநாள் காலை தண்ணீர் வடிந்தபோது, தடத்தின் பாதி அகலம் அரித்துக்கொண்டு போய் ஓர் ஆள் மட்டத்துக்குப் பள்ளமாகியிருந்ததாம். அரிசியைக் கயிறு கட்டி ஆட்கள் தலையில் சுமந்து அக்கரைக்குச் சேர்த்தார்கள்.

அதன் பிறகு அவர் அந்தப் பெரிய சக்கரங்களைப் பற்றிப் பேசுவதில்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது என் மனைவிதான் கிண்டலாகக் கேட்டாள்: “ஏன் தம்பி, உன் வண்டி எப்போது செஞ்சி மலை ஏறப் போகிறது?”

அவர் சிரித்தார். “வண்டி ஏற வேண்டாம், அக்கா. நம் பெண் படியேறினால் போதும்” என்றார்.

பெண்ணோ அதைக் காதில் வாங்காமல், வாசலில் நின்ற வண்டியின் பின் டயரில் கருவியை வைத்துக் காற்றை அளந்துகொண்டிருந்தாள்.